முறையீட்டின் மொழி: மருதனார்மடத்திலிருந்து பெண்கல்வி வாதத்தை நோக்கல்

ஈழத்துத் தமிழ்ப் பெண்களின் கல்வி பற்றி எழுந்த நூல்களும் மலர்க் கட்டுரைகளும் பெரும்பாலும் இரு வகையின. ஒன்று, கல்லூரிகளின் வரலாறு. மற்றையது, அவற்றை நிறுவியோரின் புகழுரை. எத்தனை மண்டபங்கள் எழுந்தன, எந்தத் தேசாதிபதி வந்து பரிசளித்தார், யார் அதிபராயிருந்தார் என்பன அவற்றில் நிரம்பக் காணப்படும். ஆனால் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று கேட்டவர்கள் யாரிடம் கேட்டனர், எந்த நியாயத்தைக் காட்டிக் கேட்டனர், கேட்காது விட்டவை எவை என்னும் வினாக்கள் அவற்றில் எழுவதில்லை. பெண்கல்விக்காக அரசுகளிடமும் கொடையாளரிடமும் வாதாடுதல் இன்று உலகளாவிய ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. நியூயோர்க்கிலும் ஜெனீவாவிலும் அதற்கெனத் தனி அலுவலகங்கள் உள்ளன. அத்தொழிலின் மொழியை விளங்கிக்கொள்வதற்கு நாம் அத்துணை தூரம் செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் வீதியில் மருதனார்மடத்தில் இறங்கிச் சற்றுச் சுற்றிப் பார்த்தாற் போதுமானது. ஒருபுறம் உடுவில், மற்றொருபுறம் இணுவில், நடுவே இராமநாதன் கல்லூரி. நடந்தே சென்று பார்க்கத்தக்க இச்சிறு வட்டத்துள் இரு நூற்றாண்டுக் காலப் பெண்கல்வி வாதம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

முதலில் உடுவில். 1816 இல் யாழ்ப்பாணத்தில் ஊன்றிய அமெரிக்க மிஷன் 1824 இல் அங்கே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிற்று. ஹரியற் வின்சிலோ அம்மையார் அதன் முதற் பொறுப்பாளர். 1833 இல் அவர் காலமானார். இரண்டாண்டுகளின் பின் அவர் கணவர் மைறன் வின்சிலோ எழுதி வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, இன்றைய பெண்கல்விப் பிரசார நூல்களின் மூதாதை எனக் கொள்ளத்தக்கது. தூர தேசத்துப் பெண்ணின் இருளையும், அதனைப் போக்கச் சென்ற பெண்ணின் தியாகத்தையும் கூறி, வாசகரின் பணப்பையை மெல்லத் திறப்பிக்கும் உத்தி அதிலே முழு வளர்ச்சி பெற்றுள்ளது.

அக்காலத்தில் அம்மிஷனரிமார் இருபுறமும் முகங்காட்ட வேண்டியவராயிருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. பொஸ்ரனிலிருந்த தலைமைச் சங்கத்துக்கும் நியூ இங்கிலாந்துச் சபைமக்களுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்த பிரித்தானிய ஆட்சியையும் பகைக்கலாகாது. 1820 அளவில் தேசாதிபதி பாண்ஸ் அமெரிக்க மிஷனரிமார் மேலும் வந்து சேர்வதைத் தடுத்தார். அத்தடை 1833 வரை நீங்கவில்லை. அரசாங்கம் ஐயத்தோடு நோக்கிய அவ்வாண்டுகளிலேதான் உடுவிற் பாடசாலை வேரூன்றியது. ஆகவே, அரசினரிடம் பெண்பாடசாலையை நன்னடத்தைக்கும் ஒழுங்குக்கும் உதவும் முயற்சி எனவும், பொஸ்ரனில் ஆத்தும அறுவடை எனவும் கூற நேர்ந்தது. ஒரே பாடசாலைக்கு இரு மொழிகள்.

பொஸ்ரனுக்குக் கூறிய மொழியின் பொருளாதாரம் ஊன்றி நோக்கற்பாலது. அமெரிக்க அன்பர் ஒருவர் ஆண்டுதோறும் ஒரு குறித்த தொகையை அனுப்பினால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றைப் பராமரிக்கலாம்; அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரையும் இடலாம். இவ்வழக்கம் ஆண்பிள்ளைகளிடத்து விட்டுச்சென்ற தழும்பை நாம் நன்கறிவோம். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை ஆகிய பெயர்களைத் தமிழிலக்கிய மாணவர் யாவரும் கேட்டிருப்பர். முன்னே நிற்கும் பெயர் அவர்களைப் பெற்றோர் இட்டதன்று. பெண்பிள்ளைகளுக்கும் அவ்வாறே பெயர்கள் வந்தன. ஆனால் அவர்கள் பாவலராகவோ அகராதி செய்தோராகவோ விளங்க இடமில்லாமற் போனதால், அவ்விரட்டைப் பெயர்கள் நம் இலக்கிய வரலாற்றிற் பதியவில்லை. கொடையாளருக்குப் பிள்ளையின் நிழற்படத்தையும் கடிதத்தையும் அனுப்பிவைக்கும் இன்றைய நிறுவனங்களைக் கண்டு வியப்போர், இம்முறை உடுவிலுக்கும் வட்டுக்கோட்டைக்கும் புதியதன்று என்பதை அறிவார்களாக.

இனி, அப்பாடசாலை எதற்காக நடந்தது? வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று மதம் மாறிய இளைஞர்களுக்குக் கிறித்தவ மனைவியர் தேவைப்பட்டனர். மனைவி சைவப் பெண்ணாயின் மாப்பிள்ளை மீண்டும் கோயில் வீதிக்குத் திரும்பிவிடுவான் என்ற அச்சம் மிஷனுக்கு இருந்தது. அதனாலேயே, கற்று முடித்துக் கிறித்தவ இளைஞனை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. சீதனத்தை ஒழிக்க வந்த கல்வி என்று பின்வந்தோர் புகழ்ந்த கல்வி, தொடக்கத்திற் சீதனத்தையே தூண்டிலாகப் பயன்படுத்தியது. இதனைக் குற்றச்சாட்டாக நாம் கூறவில்லை. சமூகத்தின் உறவுமுறையை மாற்றாது அதனுள்ளே புகுந்துகொள்ளும் சீர்திருத்தம் எவ்விலையைக் கொடுக்க நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. 1840 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே பணிபுரிந்த எலைசா அக்னியூ அம்மையாரை ஆயிரம் புதல்வியரின் தாய் எனப் போற்றுவர். அவருடைய அர்ப்பணிப்பை ஐயுறுவதற்கில்லை. ஆயினும், அத்தொடரில் ஆயிரம் என்பது புதல்வியரின் தொகையாகவே நின்றுவிடுவதையும், தாய்க்கு மட்டுமே பெயர் இருப்பதையும் விமர்சகன் காணாது செல்ல முடியாது.

இணுவிலைப் பற்றிச் சுருங்கக் கூறலாம். மேரி லீற்ச், மார்கிரற் லீற்ச் என்னும் சகோதரியர் இருவர் யாழ்ப்பாணத்தில் ஏழாண்டுகள் பணியாற்றிய பின் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் கூட்டங்கூட்டமாகப் பேசி நிதி சேர்த்தனர். 1890 இல் வெளிவந்த அவர்களது ‘இலங்கையில் ஏழாண்டுகள்’ என்னும் நூல் அம்முயற்சியின் கருவியாகும். இணுவிலிற் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தமைக்கு அவர்கள் திரட்டிய ஆதரவும் ஒரு காரணம். இந்நூற்றாண்டில் ‘உலகளாவிய பரிந்துரைத் தலைமை’ என்று எதனைக் கூறுகின்றோமோ, அதனை நீராவிக் கப்பலிற் சென்று செய்து காட்டியவர்கள் அவ்விரு பெண்கள்.

அடுத்தது மருதனார்மடம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் இங்கு நிறுவிய கல்லூரி, சைவப் பெண்பிள்ளைகளுக்கான விடுதிக் கல்லூரி. உடுவிலுக்கும் இதற்குமிடையே எண்பத்தொன்பது ஆண்டுகள். நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய 1848 இலிருந்து கணக்கிட்டாலும் அறுபத்தைந்து ஆண்டுகள். மிஷனுக்கு மறுமொழியாகச் சைவ எழுச்சி நிகழ்ந்தபோது, அம்மறுமொழி பெண்களை வந்தடைய இத்துணைக் காலம் சென்றது ஏன் என்ற வினாவை நம்மவர் இன்னும் நேர்நின்று கேட்கவில்லை. மதமாற்றத்தின் விளைவு ஆண்களின் உத்தியோகத்தில் முதலில் உணரப்பட்டது. வீட்டினுள்ளே அது பிந்தியே உணரப்பட்டது என்பது ஒருவாறு விடையாகலாம்.

இராமநாதன் முன்வைத்த நியாயத்தின் அமைப்பு நமக்குப் பழகியதே. சைவ இல்லத்துக்குக் கற்ற மனைவியும் தாயும் வேண்டும். அவர்களை மிஷன் பாடசாலைக்கு அனுப்பினால் இல்லம் சைவ இல்லமாக நிலைக்காது. உடுவிலின் வாதத்தில் ‘கிறித்தவ’ என்ற சொல் இருந்த இடத்தில் ‘சைவ’ என்ற சொல் வந்து அமர்ந்தது. வாக்கியம் மாறவில்லை. உயர்குடிப் பெற்றோர் ஏற்கக்கூடிய ஒரே வாக்கியமும் அதுவாகவே இருந்திருக்கலாம். கருத்தை மட்டும் கண்டு களத்தைக் காணாத விமர்சனம் பயனற்றது. ஆதலால் இதனையும் கூறிவைக்கின்றோம்.

இக்கல்லூரியின் முதல் அதிபராக வந்தவர் யார் என்பது நம்மவருட் பலர் அறியாத செய்தி. புளோறன்ஸ் பார் எமரி என்னும் ஆங்கில நாடக நடிகை அவர். 1891 இல் இலண்டனில் இப்சனின் ‘றொஸ்மர்ஸ்ஹோம்’ நாடகத்தில் றெபேக்கா வேடந்தாங்கியவர். பேணாட் ஷோவுக்கும் கவிஞர் யேற்சுக்கும் அணுக்கமானவர். தற்காலப் பெண்ணின் நோக்கங்கள் பற்றி 1910 இல் ஒரு நூலும் எழுதியவர். திருமணம் என்னும் நிறுவனத்தையே கேள்விக்குள்ளாக்கிய அரங்கின் நாயகி, 1912 இல் இலண்டனைத் துறந்து கப்பலேறி, குலமகளிரை உருவாக்கும் சைவ விடுதிக்குத் தலைவியானார். 1917 இல் கொழும்பிற் காலமானார். அவர் வகுப்பில் என்ன கூறினார், பிள்ளைகள் என்ன கேட்டனர் என்று கற்பனை செய்யும் ஆவல் எழுவது இயல்பே. அதனை அடக்கிக்கொண்டு, யேற்சு அவரைப் பற்றி எழுதியதை மட்டும் நோக்குவோம்.

‘சகல ஆத்துமாக்களின் இரவு’ என்னும் கவிதையில் யேற்சு மறைந்த நண்பர் மூவரை அழைக்கின்றார். அவருள் ஒருவர் இவ்வம்மையார். முகத்திலே முதற் சுருக்கங்களைக் கண்டு, முதுமையை நண்பர் கண்களுக்கு மறைக்க விரும்பித் தொலைவிற் கருநிற மாந்தரிடையே பாடஞ்சொல்லச் சென்றார் என்பது அக்கவிதை தரும் விளக்கம். கவிதையின் பெருமை வேறு. அதன் பார்வை வேறு. அக்கவிஞர் கண்ணுக்கு மருதனார்மடத்துக் கல்லூரி, ஐரோப்பிய அழகி ஒருத்தியின் முதுமை மறையும் திரை. திரைக்குப் பின்னே இருந்த பெண்பிள்ளைகளுக்கு அங்கே தோலின் நிறம் உண்டு; முகம் இல்லை. மிஷன் வரலாறுகளிலே தொகையாகவும், சைவ எழுச்சியிலே வருங்காலத் தாய்மாராகவும் நின்றவர்கள், இருபதாம் நூற்றாண்டின் பெருங்கவிதைகளுள் ஒன்றிற் பின்னணி வர்ணமாக முடிந்தனர். மூன்றிலும் அவர்கள் வாய் திறக்கவில்லை.

எமரி அம்மையாருக்குப் பின் லீலாவதி அம்மையார் கல்லூரியைத் தாங்கினார். அவுஸ்திரேலியாவிற் பிறந்து, இராமநாதனின் மாணவியாகவும் செயலாளராகவும் இருந்து அவரை மணந்தவர். இவ்வாறு மேலைநாட்டுப் பெண்கள் கீழைச் சமய எழுச்சிகளுக்குத் துணைநின்ற வரலாற்றைக் குமாரி ஜயவர்த்தன 1995 இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். கொழும்பில் பௌத்தப் பெண்களுக்கெனத் தோன்றிய மியூசியஸ் கல்லூரியும் இவ்வகையினதே. மிஷனை எதிர்த்தெழுந்த கல்லூரிகளும் மிஷனைப் போலவே வெள்ளைப் பெண்மணி ஒருவரை முன்னிறுத்த நேர்ந்தமை, காலனித்துவ அரசுடன் பேச வல்ல முகம் எது என்பதை அவை நன்குணர்ந்திருந்தமையைக் காட்டுகின்றது.

அரசுடன் பேசுவதில் இராமநாதனுக்கு நிகரானோர் அக்காலத் தமிழருள் இலர். 1879 முதற் சட்டநிரூபண சபையில் இருந்தவர். சொலிசிற்றர் ஜெனரலாகப் பணியாற்றியவர். 1911 இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகத் தெரிவானவர். 1923 இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றி, உதவி நன்கொடை பெறும் சைவப் பாடசாலைகள் ஊர்தோறும் பரவியதிலும் அவர் பங்கு பெரிது. கல்விக்காக அரசின் கதவைத் தட்டி அதனைத் திறப்பித்தவர் என்று அவரைக் கூறுவது மிகையன்று.

அதே இராமநாதன், டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்தபோது அதனைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்பது அவர் நிலைப்பாடு. டொனமூர்த் திட்டத்துக்கு எதிராக வாதாட 1930 இல் தள்ளாத வயதில் இலண்டன்வரை சென்றார். அவ்வாண்டு இறுதியிற் காலமானார். அவர் புகழ் பாடுவோர் இதனை முதுமையின் பிடிவாதம் என்று ஒதுக்குவர். எதிர்ப்போர் கபடம் என்பர். இரண்டும் பொருந்தாது என்பது நம் கருத்து. 1913 இல் அவர் சொன்னதற்கும் 1928 இல் சொன்னதற்கும் முரண்பாடு எதுவுமில்லை. இல்லத்தின் பொருட்டே பெண்ணுக்குக் கல்வி என்ற வாக்கியத்தை ஏற்றுக்கொண்டவன், அப்பெண் இல்லத்தை விட்டு வாக்குச்சாவடிக்குச் செல்வதை அதே வாக்கியத்தைக் கொண்டே தடுக்கலாம். தவறு மனிதரின் குணத்தில் இல்லை. வாதத்தின் அமைப்பில் உள்ளது. பெண்கல்விக்காக எந்த நியாயத்தைக் காட்டினாலும் பாதகமில்லை, பாடசாலை கிடைத்தாற் போதும் என்று கருதுவோர் இவ்விடத்திற் சற்று நிற்க வேண்டும்.

இடையில் 1927 நவம்பரில் ஒரு சம்பவம். யாழ்ப்பாண மாணவர் காங்கிரசாரின் அழைப்பில் வந்த காந்தியடிகள் இராமநாதன் கல்லூரி மாணவியரிடையே பேசினார். கற்ற பெண்கள் பாடசாலையை விட்டதும் பொதுவாழ்வினின்று மறைந்துவிடுகின்றனர் என்று வருந்திய அவர், பெண்ணாய்ப் பிறந்தோர் அனைவரும் மணம் முடிக்கவே பிறந்தவரல்லர் என்ற கருத்தையும் துணிந்து கூறினார். பார்வதியையும் சீதையையும் உவமை காட்டியே அதனையும் கூறினார் என்பது வேறு. ஆயினும், அக்கல்லூரி மண்டபத்தில் அதன் அடிப்படை வாக்கியத்தை வெளியாரொருவர் மறுத்துரைத்தார். கேட்டிருந்த சிறுமியருள் அதனை நெஞ்சிற் கொண்டவர் எவர் என்பதற்குப் பதிவு இல்லை.

அதற்கடுத்த மாதமே கொழும்பிற் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. அக்னெஸ் டி சில்வா அதன் செயலாளர்; தமிழ்ப் பெண் மருத்துவர் நல்லம்மா சத்தியவாகீஸ்வர ஐயரும் அதில் இயங்கினார். ஆணைக்குழு முன் தோன்றிய அச்சங்கம் தொடக்கத்திற் கேட்டது வரையறுத்த வாக்குரிமையே என்பதை மறைப்பதற்கில்லை. அவர்களும் உயர்வர்க்கப் பெண்களே. ஆனால் தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று வினவப்பட்டபோது, அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் அக்னெஸ் டி சில்வா விடையளித்தார். உடுவிலிலிருந்து நாம் கேட்டு வந்த முறையீடுகளிலிருந்து இவ்விடை வேறான இலக்கணம் உடையது. கேட்பவளும் பெறுபவளும் ஒருத்தி. கொடுப்பதால் இல்லத்துக்கோ சமயத்துக்கோ சாம்ராச்சியத்துக்கோ என்ன இலாபம் என்று அது எண்ணிக் காட்டவில்லை. 1931 இல் இருபத்தொரு வயது நிரம்பிய பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 1932 இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். (முழுச் சுதந்திரம் கோரிய இளைஞர் காங்கிரசின் பகிஷ்கரிப்பால் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் 1931 இல் தேர்தல் நடைபெறவில்லை, ஆகவே அத்தொகுதிகளின் பெண்கள் அவ்வுரிமையைப் பயன்படுத்த 1934 வரை காத்திருந்தனர். முற்போக்கு அரசியலின் கணக்கேட்டில் இதனையும் எழுதிவைத்தல் வேண்டும்.)

இலவசக் கல்வி 1945 இல் வந்தது. அதன்பின் வந்த மாற்றம் பெரிது. மிஷனும் இராமநாதனும் எட்டாத வீடுகளின் பெண்பிள்ளைகளை அது பாடசாலைக்குக் கொணர்ந்தது. மேற்கூறிய எல்லா முறையீடுகளும் சேர்ந்து ஒரு நூற்றாண்டிற் செய்யாததை ஒரு தலைமுறையிற் செய்தது. கொடையாக இருந்தது உரிமையாயிற்று. தோட்டப் பிள்ளைகளையும், 1930 அளவிற் சமாசனத்துக்கு எதிராகச் சாதிமான்கள் கொதித்தெழுந்த யாழ்ப்பாணத்துத் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளையும் அவ்வுரிமை ஒரே வேகத்திற் சென்றடையவில்லை. அது தனியாக எழுதப்பட வேண்டிய பொருள்.

இன்று இந்நாட்டுப் பல்கலைக்கழக மாணவருட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆனால் தொழிற்படையில் இருக்கும் பெண்களோ வயதுவந்த பெண்களில் மூன்றிலொரு பங்களவினரே. கல்வி கொடுத்தால் ஏனையவை தாமாகத் தொடரும் என்ற வாதத்துக்கு இலங்கையை விஞ்சிய மறுப்பு வேறு நாட்டிற் கிடைப்பது அரிது. எனினும் உலக நிறுவனங்களின் மொழி அவ்வாதத்தையே பற்றி நிற்கின்றது. 1992 இல் உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளராயிருந்த லோறன்ஸ் சமர்ஸ் பாகிஸ்தானிற் பேசுகையில், வளர்முக நாடுகளில் மிக உயர்ந்த வருவாய் தரும் முதலீடு பெண்பிள்ளைகளின் கல்வியாக இருக்கலாம் என்றார். பிள்ளைப்பேறு குறையும், சிசு மரணம் குறையும், உற்பத்தி கூடும். இவை பொய்யல்ல. நிதியமைச்சர்களிடம் எடுபடக்கூடிய நியாயமும் இதுவே என்பர், அமைச்சுக்களோடு பேசிப் பழகியோர். ஆனால் வாக்கியத்தை உற்றுநோக்கினால், ‘கிறித்தவ’ இருந்து, ‘சைவ’ வந்து, இப்போது ‘உற்பத்தித்திறன்மிக்க’ என்ற சொல் அதே இருக்கையில் அமர்ந்திருப்பதைக் காணலாம். வருவாய் குறையும் என்று நாளை எவரேனும் கணக்கிட்டுக் காட்டினால் இம்முறையீடு எதனைப் பற்றி நிற்கும்? 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேற் பெண்பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து விலக்கியுள்ள ஆப்கான் ஆட்சியாளர் பொருளாதார இழப்பை அறியாதவரல்லர், அதனைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் நிற்பதும் இல்லத்தின் பெயராலேயே. 2009 இல் புனைபெயரில் நாட்குறிப்பு எழுதிய சுவாத் பள்ளத்தாக்குச் சிறுமி மலாலாவின் சொல் உலகை எட்டியதற்குக் காரணம், அது இலாபக் கணக்கு எதனையும் கூறாது, ‘நான் பாடசாலைக்குப் போக வேண்டும்’ என்று தன்மையிடத்திற் பேசியமையே எனக் கருதுகின்றோம். 2014 இல் நோபல் பரிசு வந்த பின் அச்சொல்லைச் சுற்றி நிறுவனங்கள் எழுந்தன. அவற்றின் அறிக்கைகளில் மீண்டும் முதலீடு, வருவாய் என்னும் சொற்கள் தலைகாட்டின.

இறுதியாக ஒன்று. மேற்கூறிய முறையீடுகள் எவற்றிலும் இடம்பெறாத ஒரு விடயத்தைச் சுட்டவேண்டும். கல்லூரி தோன்றுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1911 இல், தேசவழமையோடு தொடர்புடைய யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, மணமான பெண் தனக்கே உரிய காணியையும், சீதனமாகத் தான் கொண்டுவந்த காணியையுங்கூட, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. மருதனார்மடத்திலும் உடுவிலிலும் விஞ்ஞானமும் சங்கீதமும் ஆங்கிலமும் கற்று, ஆசிரியைகளாகவும் மருத்துவர்களாகவும் வெளிவந்த பெண்கள், தங்கள் காணியின் உறுதியில் இன்னொருவரின் கையொப்பத்துக்காகக் காத்திருந்தனர். பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1981 இல் ஏற்றுறுதி செய்த பின்னரும் அவ்வேற்பாடு ஏட்டில் நின்றது. கல்லூரி மலர்களையும் பரிசளிப்பு விழா அறிக்கைகளையும் தேடிப் படிக்கும் ஆய்வு மாணவர்கள், அவற்றோடு வலிகாமத்து நொத்தாரிசுமாரின் பழைய உறுதிகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். மிஷன் கொடையாளர் இட்ட பெயரோடும் கணவன் பெயரோடும் அங்கே நிற்கும் அப்பெண்கள், தம் கையால் எழுதியது எதுவென அவ்வுறுதிகளின் அடியிலேதான் முதலிற் காணக்கிடைக்கும்.